புதன்கிழமைத் தொண்டை மாத்திரை

ஆலைத் தெருவுக்கு ஆன்செல்ம் ரூவியேவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். அவன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பெயர்ப் பலகை திறக்கும் நாளில் படிக்க இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மேயர் என் மருந்துக்கடைக்கே வந்து கேட்டார். "நல்லவிதமா எழுதுங்க, மதாம் வில்மோ" என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து வேறு சொன்னார். என்னைப் பற்றி ஊருக்கு இருக்கும் அபிப்பிராயம் அப்படி. ரூவியே என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவன் இவன் என்றுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் பலகையை மட்டும் படித்துக்கொள்ளட்டும்.

அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. டூர் நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். பாரிஸில் ஓவியம் படித்தான், அங்கேயே நெஞ்சுச்சளியையும் வாங்கிக்கொண்டான். நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் 1934-ல் மனைவி இரேனுடன் எங்கள் ஊரான ப்ரெசினிக்கு வந்து ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினான். சோலோஞ் காட்டோரத்துக் காற்று ஈரமானது, நெஞ்சுச்சளிக்கு ஆகவே ஆகாது. அதை அந்த டாக்டரிடம் யார் சொல்வது? அவன் இருமல் தெருமுனையில் கேட்கும்போதே நான் தொண்டை மாத்திரை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவேன்.

பெரிய ஓவியங்கள் வரைந்தான். யாரும் வாங்கவில்லை. பத்திரம் எழுதும் நோட்டரி மட்டும் ஒன்று வாங்கினார், அதுவும் சுவரில் ஈரம் பூத்த இடத்தை மறைக்க. சோறு போட்டதெல்லாம் சின்னப் படங்கள்தான். விதைப் பொட்டலத்தில் கேரட், சாக்லேட் பெட்டியில் பூனை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆடு மாடு. அவன் வரைந்த பசுவைப் பார்த்தால் பால் கறக்கத் தோன்றும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

என் கடைக்கும் ஒரு படம் வரைந்தான். எங்கள் பக்கத்தில் மழை விட்டதும் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பறித்த காளானையெல்லாம் மருந்துக்கடைக்குக் கொண்டுவருவார்கள். எது வாணலிக்கு, எது குப்பைக்கு என்று நான்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். நல்லது என்று நிரூபணமாகும் வரை எல்லாக் காளானும் விஷம் என்பது என் தொழில் தர்மம். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். பெரும்பாலும் தவறிப் போனதில்லை.

சுவரில் மாட்டப் பெரிய காளான் படம் ஒன்று வேண்டும் என்று ரூவியேவிடம் சொன்னேன். அறுபது காளான்கள். ஐம்பத்தொன்பதையும் அற்புதமாக வரைந்துவிட்டான். ஆளைக் கொல்லும் அந்தப் பச்சைத் தொப்பிக் காளானில்தான் தகராறு. பச்சை சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி கலந்து கொண்டுவந்தான், மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான். கடை நிறையக் கூடையும் ஆட்களும்.

"இன்னும் கொஞ்சம் வெளிறணும்" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "இந்த ஊர்ல விஷத்துக்குக்கூட உங்ககிட்ட சர்ட்டிபிகேட் வாங்கணுமா, மதாம்? எது பச்சைன்னு எனக்கா தெரியாது? வியாதிக்காரன் மூஞ்சில சாகறதுக்கு முந்தின நாள் வருமே, அந்தப் பச்சை இது! மூணு தடவை கலந்திருக்கேன். நாலாவது தடவை கலந்தேன்னா நானே தின்னுட்டுப் படுத்துடுவேன்!"

"தின்னுட்டு வாங்க. நிறம் சரியான்னு உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்றேன்" என்றேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்து, இருமி, மாத்திரை வாங்கிக்கொண்டு போனான். வலது கீழ் மூலையில் அவன் கையெழுத்தோடு, கண்ணாடி போட்டு, படம் சுவரில் ஏறியது.

பிறகு ஜெர்மனியோடு போர் வந்தது. பீரங்கிகளை மறைக்கும் துணிகளில் இலையும் தழையும் வரைய ராணுவம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. 1940 ஜூனில் எல்லாம் சிதறிப் போனது. எங்கள் ஊருக்குள் ஜெர்மானியர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ரூவியே திரும்பி வரவில்லை. கைதாகிப் போனவர்களின் பட்டியலிலும் இல்லை, செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை.

ரொட்டி வரிசையில் நிற்கும்போது இரேன்தான் அதைச் சொன்னாள். "பாரிஸ்ல இருக்கார். அவங்க பத்திரிகைக்குப் படம் போடறார்."

அவங்க என்றால் யார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அன்றிலிருந்து ஊர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டது. அவள் நின்றால் வரிசையில் முன்னும் பின்னும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அவளும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கறுத்த புருவம், மெல்லிய உதடு. எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது.

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடையைச் சாத்திவிட்டுப் பின்னறையில் சூப் குடிப்பேன். குடித்துக்கொண்டே, தடை செய்யப்பட்டிருந்த லண்டன் வானொலியைக் கேட்பேன். காதைக் கிழிக்கும் இரைச்சலுக்கு நடுவில் செவ்வாய்க்கிழமைகளில் ஒருவன் பேசுவான். மார்தேல் என்று பெயர் சொல்லிக்கொள்வான். ஜெர்மானியர்களையும் அவர்களுக்கு விசிறி வீசும் நம்மூர்ப் பெரிய மனிதர்களையும் நையாண்டி செய்வான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும். கேட்ட குரல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். இரைச்சலில் எல்லாக் குரலும் ஒன்றுதான் என்று விட்டுவிடுவேன்.

1941 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் சிப்பாய்களின் உடுப்பைப் பற்றிப் பேசினான். "உங்கள் தெருக்களில் நடமாடும் அந்தப் பச்சை என்ன பச்சை என்று குழம்ப வேண்டாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு மருந்துக்கடைக்காரி அதை மூன்று தடவை என்னைக் கலக்க வைத்திருக்கிறாள். தொட்டால் கையைக் கழுவுங்கள், தின்றால் பிழைக்க மாட்டீர்கள்" என்றான். பிறகு இருமினான்.

அந்த இருமலுக்கு ஆறு வருடம் மாத்திரை கொடுத்தவள் நான்.

முதலில் வந்தது கோபம். முட்டாள்! லண்டனில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கிறான், கழுத்து இங்கேயல்லவா இருக்கிறது? அன்று கூடையோடு நின்ற அத்தனை பேரும் அந்தச் சண்டையைக் கேட்டவர்கள். ஒருவன் காதில் விழுந்து, அவன் ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டால் போதும். இரேனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிறகு அந்த மருந்துக்கடைக்காரி யார் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்த நாட்களில் மொட்டைக் கடிதத்துக்கு மட்டும் எங்கள் நாட்டில் பஞ்சமே இருந்ததில்லை.

இரண்டு மணிக்குக் கடை திறப்பதற்குள் ஏணி போட்டு அந்தப் படத்தைக் கழற்றிப் பரணில் வைத்தேன். கையெழுத்து கண்ணில் படாமல் இருந்தால் ஞாபகமும் வராது என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையிலேயே பெரிய மடத்தனம் அதுதான். செப்டம்பர் மாதம், மழை விட்டு மூன்றாம் நாள். காளான் படம் இல்லாத மருந்துக்கடையைப் பிரான்ஸில் யார் பார்த்திருக்கிறார்கள்? படம் இருந்தவரை யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது சுவரில் வெளேரென்று ஒரு சதுரம். உள்ளே வந்தவர்களெல்லாம் அதைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை காலையில் இரேன் வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தொண்டை மாத்திரை ஒரு டப்பா" என்றாள். கொடுத்தேன். போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் முசியே கோத்ரோ நின்றிருந்தார். வரி வசூல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஆள்.

"படம் எங்க, மதாம்?"

"பூச்சி அரிச்சிடுச்சு."

"கண்ணாடி போட்டிருந்துதே?"

"கண்ணாடிக்குள்ள பூந்துடுச்சு."

"கெட்டிக்காரப் பூச்சிதான்" என்றார். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கடிதம் எழுதப்போகிறவர் அவர்தான் என்று முடிவு கட்டினேன்.

இரேன் அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே மாத்திரை. அவள் இருமி நான் கேட்டதில்லை. இருமாதவளுக்கு எதற்கு மாத்திரை? புருஷன் லண்டனில் இருக்க, பாரிஸில் இருப்பதாக ஏன் சொல்கிறாள்? தெரியாமல் சொல்கிறாளா, தெரிந்தே சொல்கிறாளா? தெரிந்து சொன்னால் பலே கைகாரி. தெரியாமல் சொன்னால் அவளை யாரோ அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒரு ஜெர்மானிய அதிகாரியின் கார் இரண்டு முறை அவள் வாசலில் நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். யாருக்கு விஷயம் தெரியும் என்று என் முகத்தைப் பார்த்து மோப்பம் பிடிக்கத்தான் இவள் வருகிறாள் என்று நினைத்தேன். வந்தால் கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறாமல் அவன் பேசினான். அவன் பேசப் பேச, அடுத்து எதை உளறப் போகிறானோ என்று எனக்குக் கோபம் பொங்கும். அந்தக் கோபம் மறுநாள் காலையில் அவள்மேல் இறங்கும். "கதவைச் சாத்துங்க, குளிர் உள்ள வருது!" "வரிசைன்னு ஒண்ணு இருக்கு, கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுவேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறு வருடம் இலையுதிர்காலத்தில், ஒரு புதன்கிழமை, இரேன் கடையில் இருக்கும்போதே வெளியூர் ஆள் ஒருவன் வந்தான். நாங்களெல்லாம் கட்டை அடி போட்ட செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த காலம். அவன் காலில் புத்தம்புதுத் தோல் காலணி. அதைப் பார்த்ததும் இவனுக்குச் சம்பளம் தருவது ஜெர்மானியர்கள்தான் என்று கடைக்கே தெரிந்துவிட்டது.

"ரூவியேன்னு ஒரு ஓவியர் இந்த ஊர்ல இருந்தாராமே? அவர் படம்னா எனக்கு ரொம்பப் பிரியம். வாங்கலாம்னு வந்தேன். இங்ககூட ஒண்ணு மாட்டியிருந்துதாமே?" என்று வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தான்.

பூச்சிக் கதையை இவனிடம் சொல்ல முடியாது. அப்போது கோத்ரோ வரிசையிலிருந்து வெளியே வந்தார். போச்சு, தீர்ந்தது என்று நினைத்தேன்.

"ரூவியேவா? அந்தக் குருட்டுப்பயலா?" என்றார் கோத்ரோ. "பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது, அவன் ஓவியனாம்! அவன் படத்தை நம்பிக் காளான் தின்னு என் மச்சினி ரெண்டு நாள் வாந்தியெடுத்தா. அதனாலதான் மதாம் அதைத் தூக்கி எறிஞ்சாங்க. இல்லையா, மதாம்?"

"ஆமா" என்றேன்.

"என் கடை போர்டுல ரொட்டி போடச் சொன்னேன். செங்கல் மாதிரி போட்டுட்டுப் போனான்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி. "பாரிஸ்ல எவ பின்னாடி சுத்தறானோ" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் இரேனைப் பார்த்தார்கள். அவள் தோளைக் குலுக்கினாள். "யார் பின்னாடியோ. எனக்கு ஒரு கடுதாசிகூட வர்றதில்ல. அவரைக் கண்டுபிடிச்சா சொல்லுங்க முசியே, நானும் ரெண்டு கேள்வி கேக்கணும்."

கடை சிரித்தது, தேவைக்கு மேலேயே சிரித்தது. புதுக் காலணிக்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் போனதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் கூடையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். கோத்ரோவுக்கு மச்சினியே கிடையாது என்பது எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அப்போதும் அவரை நான் நம்பவில்லை. கதை கட்டுகிறவன் கடிதமும் எழுதுவான் என்றுதான் நினைத்தேன்.

1943 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. அவன் பேசவில்லை. வேறு யாரோ எதையோ வாசித்தார்கள். லண்டன்மேல் குண்டு விழுகிறது என்று தெரியும். அவன் நெஞ்சும் எனக்குத் தெரியும். சூப் ஆறிப் போனது. பச்சை சரியில்லை என்று மூன்றாவது தடவையும் சொன்னேனே என்று நினைத்து நினைத்து அழுதேன். சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறது, அழுதேன்.

மறுநாள் இரேன் வந்தபோது என்னால் கத்த முடியவில்லை. அவள் என்ன கள்ளியாக இருந்தாலும் அவன் பெண்டாட்டிதானே. "உக்காருங்க, மதாம் ரூவியே" என்று நாற்காலியை நகர்த்தினேன். "ரொம்பக் குளிரா இருக்கு. வீட்ல விறகு இருக்கா? உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாத்திரையை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். அன்பாகப் பேசினால் பயப்படுகிறாள், மடியில் கனம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்படியும் ஒரு புத்தி எனக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வானொலிக்குத் திரும்பிவிட்டான். குரல் கட்டியிருந்தது. போன வாரம் ஃப்ளூ என்னை ஆக்கிரமித்திருந்தது, இப்போது பின்வாங்கிவிட்டது என்று ஜோக் அடித்தான். வானொலியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாள் இரேன் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமைதான் வந்தாள், கறுப்புக் கோட்டில். அவளிடம் இருந்தது ஒரே கோட்டு, பழுப்பு நிறம், ஊருக்கே தெரியும். அதற்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தாள். யார் செத்தார்கள் என்று கறுப்பு? என்ன நாடகம் இது? முந்தின நாள் அவன் பேச்சில் வேறு எங்கள் ஆலையைப் பற்றி ஏதோ சொல்லித் தொலைத்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கதவைச் சாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காது கேக்காதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

இரேன் சிரித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் கொட்ட, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஊரே பார்க்கச் சிரித்தாள். பைத்தியமா, வேவுக்காரியா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேவுக்காரி என்றே வைத்துக்கொண்டேன்.

ஒரு வழியாக ஜெர்மானியர்கள் எங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1944 நவம்பரில் ரூவியே திரும்பி வந்தான். பாதி எடைதான் இருந்தான். இங்கிலாந்துக்குப் போனது சுவரொட்டி வரையத்தானாம். தாழ்வாரத்தில் அவன் அடித்த கிண்டலைக் கேட்டு யாரோ பிடித்து ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்தார்களாம். ஊரே அவன் வீட்டில் கூடியது. குரலைக் கேட்ட முதல் நாளே தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னது பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அடுத்தவன் எழுதிப் போட்டுவிடுவான் என்று பயந்து ஒவ்வொருவரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கோத்ரோ என்னிடம் வந்து, "எழுதப் போறது நீங்கதான்னு நினைச்சேன், மதாம். படத்தை வேற கழட்டிட்டீங்களே" என்றார்.

ஒரு வாரம் கழித்து ரூவியேவும் இரேனும் என்னைச் சூப் குடிக்கக் கூப்பிட்டார்கள். உப்பு எடுக்க இரேன் அலமாரியைத் திறந்தாள். உள்ளே மேல்தட்டு முழுக்க என் கடைத் தொண்டை மாத்திரை டப்பாக்கள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் தேதி, பக்கத்தில் ஒரு வார்த்தை. முறைத்தாள். எரிந்து விழுந்தாள். கத்தினாள். மறுபடி கத்தினாள்.

"என்ன இது?" என்றேன்.

"எங்க ரேடியோ வால்வு போயிடுச்சு, மதாம். இந்த யுத்த காலத்துல புது வால்வுக்கு எங்க போறது? தேடாம இருக்கட்டும்னு பாரிஸ்ல இருக்கார்னு ஊர்ல சொல்லிட்டு, யார் வீட்ல போய் உக்காந்து லண்டன் கேக்கறது? அந்தப் பச்சை நிறத்தைப் பத்தின பேச்சுதான் நான் கடைசியாக் கேட்டது. மறுநாள் உங்க சுவர்ல படம் இல்ல. ஓ, இவங்களுக்குத் தெரியும்னு புரிஞ்சுது. வாயைத் திறந்து கேக்க முடியுமா? அதான் உங்க மூஞ்சியைப் பாக்க வந்தேன். செவ்வாய்க்கிழமை அவர் பேசினா புதன்கிழமை நீங்க கத்துவீங்க. கத்தினா, ஆள் உயிரோட இருக்கார். நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

ரூவியே சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கனவே சொல்லியிருக்கிறாள் போல.

டப்பாக்களின் தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி மூன்று இருந்தது. அதற்கடுத்து இருபத்து நான்குதான். நடுவில் பத்தாம் தேதி டப்பா என் மேசைமேலேயே கிடந்ததல்லவா.

"அன்னிக்கு நாற்காலி போட்டீங்க" என்றாள் இரேன். "வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, கோட்டைச் சாயத்துல முக்கினேன்."

"இரேன்" என்றேன்.

"சாயம் போகவே மாட்டேங்குது, மதாம். மூணு தடவை வெளுத்துப் பாத்துட்டேன்."

படத்தை மறுபடியும் மாட்டிவிட்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது. பச்சை சரியில்லை என்று அவன் சாகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். இரேன் இப்போதும் புதன்கிழமைதான் கடைக்கு வருகிறாள். போன வாரம் அந்தக் கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்து, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். முடிந்த மட்டும் சத்தமாகக் கத்தினேன், கதவைச் சாத்தச் சொல்லி.